இன்ஜினுக்குள் தங்கிவிடும் இரண்டு லிட்டர்

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் காரின் கூலிங் சிஸ்டம் மொத்தம் 5 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியேட்டரின் அடியிலுள்ள பிளக்கைத் திறந்து பழைய கூலன்ட்டை வடிக்கிறீர்கள். தண்ணீர் விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி வடித்து, கலங்கல் போய்த் தெளிவாக வரும்வரை அலசுகிறீர்கள். கடைசியில், கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து விற்கிற ரெடி மிக்ஸ் கூலன்ட்டை ரேடியேட்டர் கழுத்துவரை ஊற்றுகிறீர்கள். 3 லிட்டர் பிடிக்கிறது. இப்போது இன்ஜினுக்குள் ஓடும் கலவையில் கிளைக்கால் எத்தனை சதவீதம்?

ஐம்பது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். விடை முப்பது. 5 லிட்டர் கொள்ளும் இடத்தில் 3 லிட்டர்தான் பிடித்தது என்றால், மீதி 2 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அது நீங்கள் அலசிய தண்ணீர். ஊற்றிய 3 லிட்டரில் கிளைக்கால் ஒன்றரை லிட்டர். அது 5 லிட்டரில் பரவும்போது 30 சதவீதம். ரெடி மிக்ஸ் என்ற பெயரில் வருபவை எல்லாம் பாதிக்குப் பாதியும் அல்ல. 30 சதவீதக் கலவையை வாங்கி ஊற்றியிருந்தால், உள்ளே இருப்பது வெறும் 18 சதவீதம். வீட்டில் கூலன்ட் மாற்றுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். கேனில் எழுதியிருக்கும் விகிதம் கேனுக்குள் இருக்கும் விகிதம். காருக்குள் இருக்கப்போவது அல்ல.

அந்த 2 லிட்டர் எங்கே நிற்கிறது? சிலிண்டர்களைச் சுற்றியுள்ள வாட்டர் ஜாக்கெட், அதற்கு மேலே சிலிண்டர் ஹெட்டுக்குள் வளைந்து போகும் குறுகிய வழிகள், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள் எல்லாவற்றிலும்தான். ரேடியேட்டரின் அடி பிளக்கைத் திறந்தால் ரேடியேட்டர் காலியாகும். இன்ஜினுக்குள் பள்ளத்தில் நிற்பது அப்படியே நிற்கும். சில இன்ஜின்களில் பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு டிரெயின் பிளக் உண்டு. பெரும்பாலும் அது எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், துருவேறிக் கிடக்கும். அதைத் தொட மெக்கானிக்குகளே யோசிப்பார்கள்.

சரி, 30 ஆனால் என்ன, 18 ஆனால் என்ன? நம் ஊரில் பனியா கொட்டுகிறது? இந்தக் கேள்வி நியாயமானது. கிளைக்கால் குறைந்தால் கலவை உறைந்துவிடும் என்ற பயம் சென்னையிலோ மதுரையிலோ தேவையில்லை. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் புல்மேல் உறைபனி படியும்; அங்கேகூட உறையாமல் காக்க 20 சதவீதம் தாராளம். வெப்பத்தைச் சுமப்பது மட்டுமே வேலை என்றால் சுத்தமான தண்ணீரை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.18 ஜூல் வேண்டும். அதே அளவு எத்திலீன் கிளைக்காலுக்கு 2.4 ஜூல் போதும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் அள்ளிச் செல்லும் வெப்பத்தில் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் கிளைக்கால் அள்ளும். வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீருக்குப் பாதிக்கும் கீழே. போதாக்குறைக்கு, பாகு மாதிரி கெட்டி. ரேஸ் டிராக்குகள் பலவற்றில் கிளைக்கால் ஊற்றிய வண்டிக்கு அனுமதி கிடையாது. கீழே சிந்தினால் டயர் வழுக்கும் என்பது காரணம். அங்கே ஓடுகிறவர்கள் தண்ணீரோடு ஒரு சிறு சேர்க்கையை மட்டும் கலந்துகொண்டு உச்ச வேகத்தில் ஓட்டுகிறார்கள். இன்ஜின் ஒன்றும் உருகிவிடுவதில்லை.

கூலன்ட் ஊற்றினால் இன்ஜின் கொதிக்காது என்பது இன்னொரு நம்பிக்கை. அதில் உண்மை கொஞ்சம்தான். பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100-இல். கிளைக்கால் தரும் ஆதாயம் ஏழு டிகிரி. ஆனால் ரேடியேட்டர் மூடியைக் கவனியுங்கள். 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் அதில் பொறித்திருக்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அத்தனை அழுத்தத்தை அந்த மூடி உள்ளே பிடித்துவைக்கிறது. 1.1 மூடி போட்ட சிஸ்டத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை 130-ஐ ஒட்டி. கொதிக்காமல் காப்பதில் விலையுயர்ந்த கூலன்ட்டைவிட மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷருக்கும் சுருள்வில்லுக்கும் பங்கு அதிகம். அந்த ரப்பர் விறைத்து வெடித்திருந்தால் எந்தக் கலவையும் காப்பாற்றாது.

அப்படியானால் கிளைக்கால் எதற்கு? நம் வெயிலுக்கு அதைவிட முக்கியமானது, அதோடு கூடவே வரும் வேறொன்று. கான்சன்ட்ரேட் என்று விற்கும் அடர் கூலன்ட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கிளைக்கால். மீதியில் ஒரு சில சதவீதம் அரிப்புத் தடுப்பான்கள், கொஞ்சம் சாயம். இன்ஜினைக் காப்பது அந்தச் சில சதவீதம். கூலிங் சிஸ்டத்துக்குள் அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு அல்லது அலுமினிய பிளாக், எஃகுத் திருகுகள், பழைய வண்டியானால் செம்பும் ஈயப் பற்றும் என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒன்றோடொன்று தொடவிட்டு, மின்சாரம் கடத்தும் நீரில் போட்டால் அது ஒரு பேட்டரி. மெல்லிய மின்னோட்டம் ஓடும். இரண்டில் ஒன்று கரையும். பெரும்பாலும் கரைவது அலுமினியம். காற்றிலும் நீரிலும் அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. ஆனால் திரவம் அமிலமானாலோ, குளோரைடு உப்பு நிறைய இருந்தாலோ அந்தப் படலத்தில் ஓட்டை விழும். பிறகு ஹெட் கேஸ்கட்டை ஒட்டிய இடங்களில் குழி குழியாக அரித்திருப்பதைப் பார்க்கலாம். வாட்டர் பம்ப்பைக் கழற்றினால் உள்ளே இருக்கும் இறக்கைச் சக்கரத்தின் விளிம்பு கறையான் தின்றதுபோல இருக்கும். தண்ணீரை மட்டும் ஊற்றி வருஷக்கணக்கில் ஓட்டிய வண்டிகளில் இது சர்வசாதாரணம்.

தடுப்பான்களின் அளவு கிளைக்காலோடு கட்டப்பட்டிருக்கிறது. கிளைக்காலைப் பாதியாக நீர்க்கச் செய்தால் தடுப்பானும் பாதியாகிறது. 18 சதவீதத்துக்கு நீர்த்தால் தடுப்பானும் அதே கதிக்கு வரும். இந்தக் காரணத்துக்காகத்தான் 45 டிகிரி வெயில் அடிக்கும் ஊரிலும் விகிதம் முக்கியம்.

எத்தனை சதவீதம் வேண்டும் என்பதற்கு வண்டியோடு வந்த கையேடே முடிவான பதில். சில கம்பெனிகள் குளிர் மைனஸ் 16 டிகிரிக்குக் கீழே இறங்காத இடங்களுக்கு 30 போதும் என்கின்றன. வேறு சில எங்கே ஓட்டினாலும் 50 என்கின்றன. கையேடு கிடைக்காவிட்டால் 40-லிருந்து 50-க்குள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏற்றுவதில் லாபமே இல்லை, நஷ்டம் உண்டு. இதில் வேதியியல் ஒரு வேடிக்கை செய்கிறது. சுத்தமான தண்ணீர் 0 டிகிரியில் உறையும். சுத்தமான எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13-இல் உறையும். இரண்டையும் சம அளவில் கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. தண்ணீரின் மூலக்கூறுகள் வரிசைகட்டிப் பனிக்கட்டியாக விடாமல் கிளைக்கால் குறுக்கே நிற்கிறது. கிளைக்காலைப் படிகமாக விடாமல் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. எழுபது சதவீதத்தைத் தாண்டினால் உறைநிலை திரும்பவும் மேலே ஏறத் தொடங்கும். ‘ஸ்ட்ராங்காக இருக்கட்டும்’ என்று கேனை அப்படியே கவிழ்ப்பவர்கள், உறையாமல் காப்பது, வெப்பம் சுமப்பது இரண்டையும் ஒரே வீச்சில் இழக்கிறார்கள்.

அதிகம் என்றால் நல்லது என்று விமானப் பொறியாளர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர் விமானங்களை இயக்கிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினின் தொடக்க மாடல்களில் கலப்பில்லாத கிளைக்காலைத்தான் ஊற்றினார்கள். அதன் கொதிநிலை 197 டிகிரி என்பதால் இன்ஜினை அதிகச் சூட்டில் ஓட்டலாம், ரேடியேட்டரைச் சிறிதாக வைக்கலாம், காற்றின் எதிர்ப்பு குறையும் என்பது கணக்கு. ஆனால் இன்ஜின் உள்ளே தாங்கமுடியாத சூடு, எண்ணெய்க் கசிவு, கிளைக்கால் தீப்பற்றும் அபாயம். 1940-இல் ஸ்பிட்ஃபயரின் இரண்டாம் மாடலோடு வந்த மெர்லின் 12-இல் கலவையைத் தலைகீழாக மாற்றினார்கள்: தண்ணீர் 70, கிளைக்கால் 30, கூடவே சிஸ்டத்துக்கு அழுத்தம். இன்ஜினின் ஆயுள் கூடியது, கசிவும் குறைந்தது. இன்று உங்கள் காரில் இருப்பதும் அதே ஏற்பாடுதான்: பாதிக்குக் குறையாமல் தண்ணீர், அளவான கிளைக்கால், அழுத்தம் பிடிக்கும் மூடி.

இனித் தண்ணீரைப் பற்றி. பாதி கலவை தண்ணீர் என்னும்போது எந்தத் தண்ணீர் என்பது சின்ன விஷயம் அல்ல. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடான ஹெட்டின் உட்சுவரில் வெள்ளைப் படிவமாக ஒட்டும். வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் ஒட்டுவதும் இதே படிவம்தான். உலோகத்தின்மேல் இப்படி ஒரு கல் போர்வை விழுந்தால் வெப்பம் திரவத்துக்கு வந்து சேராது. சில கூலன்ட்டில் உள்ள பாஸ்பேட் வேறு இந்தக் கால்சியத்தோடு சேர்ந்து வண்டலாகிவிடும். அப்போது தடுப்பானும் வீண், வழியும் அடைப்பு. குளோரைடின் கதையை மேலே பார்த்தோம். எனவே பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள். பேட்டரிக் கடையில் ஆசிட்டும் அதே மாதிரி வெள்ளைக் கேனில் விற்கிறார்கள். லேபிளை இரண்டு முறை படித்துவிட்டு வாங்குவது நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: அலசத்தான் வேண்டுமா? வடித்த கூலன்ட் நிறம் மங்காமல், துருவோ சேறோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லாமல், முன்பிருந்த அதே வகையைத்தான் மறுபடி ஊற்றப்போகிறீர்கள் என்றால் தண்ணீர் விட்டு அலசுவது வேண்டாத வேலை. அதே ரெடி மிக்ஸை ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினால் போதும். நம் 5 லிட்டர் வண்டியில் முதல் முறை 60 சதவீதம் புதிதாகும், இரண்டாம் முறை 84, மூன்றாம் முறை 94. எந்தக் கட்டத்திலும் விகிதம் கெடாது. துருத் தண்ணீர் வருகிறது, அல்லது உள்ளே என்ன வகை இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் மட்டும் அலசுங்கள். நிறத்தைப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்க முடியாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாஸ்பேட், சிலிக்கேட் போன்ற கனிமத் தடுப்பான்கள் கொண்டது ஒரு வகை, கரிம அமிலங்கள் கொண்டது இன்னொரு வகை, இரண்டும் கலந்தது மூன்றாவது. முதல் வகையை இரண்டு வருஷத்தில் மாற்றச் சொல்வார்கள். இரண்டாவது ஐந்து வருஷம் வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் அந்த ஐந்து வருஷம் போய்விடும்.

அலசுவது என்று முடிவானால், முதல் முறை வடிப்பதை அளவு தெரிந்த பக்கெட்டில் பிடியுங்கள். இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் மீதிக் கணக்கு அத்தனையும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், பக்கெட்டில் 3 லிட்டர் என்றால் உள்ளே 2 நிற்கிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் நிரப்பி வடிக்கும்போதும் பழையதில் ஐந்தில் இரண்டு பங்கு தங்கும்: முதல் முறை 40 சதவீதம், அடுத்து 16, அடுத்து 6.4. மூன்று முறைக்கு மேல் அலசுவதில் பெரிய பலன் இல்லை.

ஒவ்வொரு முறையும் இன்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் என்ற வால்வு 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். அதுவரை ரேடியேட்டரில் நீங்கள் ஊற்றியது ரேடியேட்டரிலேயே நிற்கும். இன்ஜினில் இருப்பது இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். மேல் ஹோஸ் தொடமுடியாத சூட்டுக்கு வந்து, மின்விசிறி ஓடத் தொடங்கினால் இரண்டும் கலந்துவிட்டது என்று பொருள். ஏசி பேனலில் ஹீட்டரையும் முழுச் சூட்டில் வையுங்கள்; சில வண்டிகளில் அப்போதுதான் ஹீட்டர் கோருக்குள் திரவம் போகும். பிறகு இன்ஜினை அணைத்து ஆறவிட வேண்டும். இந்த வேலையில் பொறுமை இல்லாதவர்கள் முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொள்கிறார்கள். அழுத்தத்தில் 115 டிகிரியில் கொதிக்காமல் நிற்கும் திரவம், மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகச் சீறும். ஹோஸைக் கையால் பிடித்து ஐந்து நொடி வைத்திருக்க முடிகிற அளவு ஆறாமல் மூடியைத் தொடாதீர்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது. ஹெட் விரிசல் விட்டால் செலவு பெரிது.

முதல் அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் விட்டாலும் கடைசி இரண்டு அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். இல்லையென்றால் உள்ளே தங்கும் அந்த 2 லிட்டர் உப்புத் தண்ணீராக இருக்கும். புதுக் கலவைக்குச் சுத்தமான தண்ணீர் வாங்கிய காசு அதோடு வீண்.

இப்போது கலவை. ரெடி மிக்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டு கான்சன்ட்ரேட்டை வாங்குங்கள். லேபிளில் ஐ.எஸ். 5759 முத்திரையும் உங்கள் கையேடு கேட்கும் வகையும் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள். பக்கெட்டில் தண்ணீரோடு கலக்க வேண்டாம். உள்ளே இருக்கும் 2 லிட்டர் தண்ணீரோடு அது தானே கலந்துகொள்ளும். பிறகு மீதி அரை லிட்டர் இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். மொத்தம் 5, அதில் கிளைக்கால் இரண்டரை. வடிந்தது 2 லிட்டர்தான் என்றால் 50 சதவீதத்தைத் தொட முடியாது. 2 லிட்டரும் கான்சன்ட்ரேட்டாக ஊற்றினால் 40 கிடைக்கும், அது போதும். ரிசர்வ் டேங்கில் மட்டும் கலந்த கலவையை ‘மின்’ கோட்டுக்கும் ‘மேக்ஸ்’ கோட்டுக்கும் நடுவில் வையுங்கள். காற்றுக் குமிழ்கள் வெளியேற இன்ஜினை ஓடவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அளவு இறங்கியிருந்தால் நிரப்புங்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. கைக்கு அடக்கமான குழல். ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி. அதில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைப் படுக்கவைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சேரும் கோடு ஓர் எண்ணின்மேல் நிற்கும். தண்ணீர் ஒளியை வளைப்பதைவிடக் கிளைக்கால் அதிகம் வளைக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் கருவி காட்டுகிறது. அளவுகோலில் பெரும்பாலும் இருப்பது சதவீதம் அல்ல, உறைநிலை. மைனஸ் 37 என்றால் பாதிக்குப் பாதி, மைனஸ் 25-ஐ ஒட்டி என்றால் 40, மைனஸ் 16 என்றால் 30. மைனஸ் 8 என்று காட்டினால் தங்கிய தண்ணீரை நீங்கள் மறந்திருக்கிறீர்கள். எத்திலீன் கிளைக்காலுக்கும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் தனித்தனிக் கோடுகள் இருக்கும். கேனில் எழுதியிருப்பதற்கு உரியதைப் படிக்க வேண்டும். ஆனால் ஒன்று, இந்தக் கருவிக்குத் தடுப்பான்கள் தெரியாது. ஆறு வருஷப் பழைய கூலன்ட்டும் மைனஸ் 37 என்றே காட்டும். அதற்குள் தடுப்பான் தீர்ந்து, கிளைக்கால் சூட்டில் சிதைந்து அமிலமாகிக்கொண்டிருக்கும். ஆகவே மாற்றிய தேதி, வகை, விகிதம் மூன்றையும் எழுதி பானட்டுக்கு அடியில் ஒட்டிவையுங்கள்.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையிலோ செடியடியிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாயும் பூனையும் நக்கும். உடலுக்குள் போனால் கல்லீரல் அதை ஆக்சாலிக் அமிலம் வரை மாற்றுகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக அடைக்கிறது. 100 மில்லி அளவே பெரியவர் ஒருவரின் உயிரைப் பறிக்கக்கூடும். குழந்தைக்கு இன்னும் குறைவு போதும். முதலில் குடிபோதை மாதிரிதான் தெரியும் என்பதால் ஏமாந்துவிடுவோம். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தக் கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு. பழையதை மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மிச்சமான புதுக் கூலன்ட்டை அதன் சொந்தக் கேனிலேயே, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பச்சையாகவும் சிவப்பாகவும் இருக்கும் அதைக் குளிர்பான பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.